ஆற்றுக்கு மூன்று எச்சரிக்கை, தெருவுக்கு ஒன்றுமில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் தேனிக்காரர்களுக்குக் காசில்லாத பொழுதுபோக்கு ஒன்று உண்டு. பழனிசெட்டிபட்டி தடுப்பணையில் முல்லைப் பெரியாறு நுரைத்துக்கொண்டு விழுவதைப் போய்ப் பார்ப்பது. பைக்கை ஓரங்கட்ட வேண்டியது, செல்போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது, அரை நிமிட வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டியது. "யப்பா, என்னா தண்ணி!" என்று நாலு பேர் பதில் போடுவார்கள். அவ்வளவுதான்.

தப்பில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சோறே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. லோயர்கேம்ப்பில் ஆரம்பித்துப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று வருடா வருடம் பேப்பரில் வருமே, அந்தக் கணக்கில் கடைசி ஊர் இதுதான். கடைமடையில் இருப்பவனுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததே பெரிய செய்தி. வேடிக்கை பார்க்கத்தான் செய்வான்.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அரசியலுக்கு அடுத்தபடியாக ஓடுவது அடிக்கணக்குதான். "பெரியாறு எத்தனை அடி? வைகை எத்தனை அடி?" சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 68.5 அடிக்கு இரண்டாவது. 69 அடிக்கு மூன்றாவது. முழு உயரம் 71 அடி. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்குத் தகவல் போகும். பெரியாறு அணையில் 136 அடிக்கே எச்சரிக்கை தொடங்கிவிடும். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த ஊரில் யாருக்கும் மறக்காது.

ஆக ஆற்றை அரை அடி சுத்தமாக அளக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பி.சி.பட்டியிலோ தேனியிலோ ஒரு தெருவைக் காட்டி, "இந்தத் தெருவில் எத்தனை செ.மீ. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பேரூராட்சியிலும் பதில் கிடையாது, நகராட்சியிலும் கிடையாது. அந்தத் தெருவில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு பாட்டியிடம் மட்டும் இருக்கும். "அந்த மேட்டு வீட்டுப் படி வரைக்கும் வந்துச்சுய்யா" என்று கையைக் காட்டும். அந்தப் பாட்டி சொல்வதை எழுதி வைக்க ஒரு நோட்டுகூட அரசாங்கத்திடம் கிடையாது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே.

வெள்ளம் என்றாலே ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவது என்று சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். அப்படியும் வரும்தான். 2025 அக்டோபர் நடுவில் மலையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய மழையில் முல்லைப் பெரியாறு பெருகி, பள்ளத்தாக்கில் வயல்களுக்குள் புகுந்தது. ஆனால் ஊருக்குள், தெருவுக்குள், கட்டில் காலை நனைக்கிற வெள்ளம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை. மேலே இருந்து விழுந்த மழை போக வழியில்லாமல் நிற்பதுதான் அது. பக்கத்து வாய்க்கால் அடைத்திருக்கும். சிறுபாலத்துக்கு அடியில் பாலிதீன் பை, இளநீர்க் கூடு, பழைய தலையணை எல்லாம் செருகிக் கிடக்கும். ஓடை இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் நிற்கும். இதற்கு 66 அடி, 69 அடி என்றெல்லாம் கணக்குக் கிடையாது. ஒரு மணி நேரம் அடித்து ஊற்றினால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். காமர்ஸ்காரர்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 33 லாரிக்குமேல் வரும். அந்த ஒரு ஏக்கர் நெல்வயலாக இருந்தபோது நாலு பக்கமும் வரப்பு இருந்தது. மழையில் பெரும்பகுதியை வயல் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. மிச்சம் மெதுவாக வாய்க்காலுக்குப் போனது. இப்போது அதே ஏக்கரை வெட்டி பிளாட் போட்டாயிற்று. வரப்பு போச்சு. ரோடு சிமெண்ட், வாசல் சிமெண்ட், மொட்டைமாடி சிமெண்ட். 33 லாரித் தண்ணீரில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் தெருவில் இறங்குகிறது. வாய்க்காலின் அகலம் மட்டும் வயல் இருந்த காலத்து அகலம். சில இடத்தில் அதுவும் பாதி.

கம்பம் ரோட்டில் பழனிசெட்டிபட்டியிலிருந்து வீரபாண்டி பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நெல் நின்ற இடத்தில் கலர் கொடி, கல் ஊன்றிய மனைகள், "அப்ரூவ்டு பிளாட்" போர்டு. ஊர் வளர்கிறது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீடு வேண்டுமே. பிரச்சினை வீடு கட்டுவதில் இல்லை. எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லாமல் விற்பதில் இருக்கிறது.

தேனி நகருக்குள் ராஜவாய்க்கால் என்று ஒன்று இருக்கிறது. பேரில்தான் ராஜா. :) ஆக்கிரமிப்பை எடுக்கப் போகிறோம், அளக்கப் போகிறோம் என்ற செய்தி பல வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. அந்த வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் உள்ள உறவு பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்தவருக்கு அது நாற்றம் அடிக்கும் சாக்கடை, அவ்வளவுதான். மழைக்கு மட்டும் அது ராஜவாய்க்கால் என்பது ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது.

"தேனியில் என்ன பெரிய வெள்ளம் வந்துவிடப் போகிறது, அதெல்லாம் மெட்ராஸ் சமாச்சாரம்" என்பவர்கள் நிறைய. அவர்கள் மெட்ராஸ் வரைக்கும் போக வேண்டாம், மதுரைக்குப் போனால் போதும். 2024 அக்டோபர் 25. ஒரே பகலில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, பிற்பகலில் கால்மணி நேரத்துக்குள் கொட்டியதாக அரசே சொன்னது. செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். வைகை ஆறு கரை மீறவில்லை. செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும்தான் வேலையைக் காட்டின. அதற்குப் பிறகு செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட ரூ.11.9 கோடி ஒதுக்குவதாக அறிவிப்பு வந்தது. வரட்டும், நல்லது. ஆனால் செல்லூர் பள்ளம் என்பது 2024ல் கண்டுபிடித்த விஷயமா? மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறவரைக் கேட்டால் மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று வரிசையாகச் சொல்வார். தெரிந்தவர்களுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்களிடம் வரைபடம் இல்லை.

சென்னைக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறப்பு. அடையாறு ஊருக்குள் வந்தது. 2018ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை இதை மனிதர்களால் ஏற்பட்ட பேரழிவு என்றே எழுதியது. அதற்கப்புறம் மத்திய அரசின் விஞ்ஞானிகள் சென்னைக்கென்று வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்றை 2019ல் கொண்டு வந்தார்கள். மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டி, எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே கணிப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கணிப்பு வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரிக்காரர்களையும் முடிச்சூர்க்காரர்களையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்த மாதமே 17, 18 தேதிகளில் தென்கோடியில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. சென்னைக்காவது பேருக்கு ஒரு மாடல் இருந்தது. தாமிரபரணிக் கரை ஊர்களுக்குத் தெருவாரியாக அப்படி என்ன இருந்தது?

சரி, தெருவைத் தெருவாக அளந்து வைத்த ஊர் எங்கேயாவது உண்டா? உண்டு. பணக்கார நாடு ஒன்றைச் சொல்லப் போவதாக நினைத்தால் தப்பு. தான்சானியாவில் தார் எஸ் சலாம்.

இந்தியப் பெருங்கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊர். 50 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. பெரும்பாலான வீடுகள் அனுமதி, பிளான் எதுவும் இல்லாமல் தாமாக முளைத்தவை. நடுவே ஓடும் ம்சிம்பாசி ஆறு மழைக்கு மழை ஊருக்குள் வந்துவிடும். பெரிய பஸ் டிப்போவையே ஜங்வானி என்ற பள்ளத்தில் கட்டிவிட்டு, மழைக்காலத்தில் பஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள். (பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்ட நாமெல்லாம் சிரிக்க முடியாது.)

அங்கே 2015ல் 'ரமணி ஹூரியா' என்று ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். சுவாஹிலி மொழியில் திறந்த வரைபடம் என்று அர்த்தமாம். உலக வங்கி, செஞ்சிலுவைச் சங்கம் எல்லாம் துணைக்கு இருந்தாலும் தெருவில் இறங்கி வேலை பார்த்தது இரண்டு பேர்: அர்தி பல்கலைக்கழகம், தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம் இவற்றின் மாணவர்கள் ஒரு பக்கம், அந்தந்த ஏரியாவில் குடியிருப்பவர்கள் இன்னொரு பக்கம். மாணவர்களுக்கு இது படிப்போடு சேர்ந்த பயிற்சி. கையில் செல்போன், ஜி.பி.எஸ்., அச்சடித்த வரைபடத் தாள். ஒவ்வொரு சாக்கடையாகப் போய் அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, மண்ணா சிமெண்டா, அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா, எங்கே போய் முடிகிறது என்று குறித்தார்கள். வீடு வீடாகப் போய்ப் போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். நம் பாட்டி கையைக் காட்டுமே, அதே கேள்விதான். எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். கவனிக்க வேண்டியது அது. அலமாரிக்குள் பூட்டி வைக்கவில்லை.

அதோடு தார் எஸ் சலாமில் வெள்ளம் நின்றுவிட்டதா? இல்லை. 2018லும் வந்தது, 2019லும் வந்தது. வரைபடம் தண்ணீரைத் தடுக்காது. ஆனால் எங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், எந்தச் சாக்கடை எங்கே செத்துப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பணம் கேட்கவே முடிகிறது. 2022ல் ம்சிம்பாசி ஆற்றுப் படுகையைச் சீர்செய்ய உலக வங்கி 20 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. பேலன்ஸ் ஷீட் இல்லாமல் பாங்குக்குப் போனால் லோன் கொடுப்பார்களா? அதே நியாயம்தான்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ள வரைபடம் என்பது ஏழைகளை விரட்டுவதற்கு நல்ல ஆயுதம். 2015 கடைசியில் அதே ம்சிம்பாசிப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான வீடுகளை அரசு இடித்துத் தள்ளியது. சுவரில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டால் அந்த வீடு போச்சு என்று அர்த்தம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பேர். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்! பிழைப்பும் போய், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போய், தண்ணீர் மட்டும் கூடவே வந்தது.

அதே சதுப்புநிலத்தைச் சுற்றி நிற்கிற பெரிய பெரிய கட்டடங்களுக்கு யாரும் பெருக்கல் குறி போடவில்லை. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை எழுந்திருப்பது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். எனவே வரைபடம் போட்டால் குடிசையும் அதில் வர வேண்டும், கோர்ட்டும் வர வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிகிற வரைபடத்தில் யாருடைய வாசலையும் மறைக்க முடியாது. அதிகாரியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற வரைபடம்தான் ஆபத்து. அதில் எந்த வீட்டுக்குக் குறி, எந்த வீட்டுக்கு இல்லை என்பது பேரத்துக்கு வந்துவிடும்.

அடுத்த ஆட்சேபணை இதைவிடச் சத்தமாக வரும். "தண்ணி நிற்கும் இடம் என்று எழுதி வைத்தால் மனை விலை விழுந்துவிடுமே?"

விழட்டும். அதுதானே சரியான விலை!

ஒரு குடும்பம் மனை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் பத்து வருடம் இருந்து சேர்த்த காசு, நகையை அடகு வைத்த காசு, பாங்க் லோன் எல்லாம் சேர்ந்து. சித்திரையில் வந்து பார்க்கிறார்கள். தரை வெடித்துக் கிடக்கிறது. புரோக்கர் ஜூஸ் வாங்கிக் கொடுக்கிறார். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். பட்டா சரி. அப்ரூவல் சரி. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்த்து 9 சதவீதம் அரசாங்கத்துக்குக் கட்டியாயிற்று. இருபது லட்ச ரூபாய் மனைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஐப்பசியில் பார்த்தால் மனைக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாங்கிக்கொண்ட அரசாங்கம், "இந்தச் சர்வே நம்பருக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்த வரி அரசாங்கத்திடம் ஏற்கனவே இருக்கிறது. கிராம வரைபடத்தில் வாய்க்கால், ஓடை, கண்மாய் எல்லாம் கோடு போட்டிருக்கிறது. புலப்படத்தில் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிறது. லேஅவுட் அப்ரூவலுக்கு முன்னால் தண்ணீர் தேங்குமா என்று நீர்வளத்துறையிடம் கருத்துக் கேட்கிற வழக்கமும் இருக்கிறது. அந்தத் தாள்கள் எல்லாம் ஃபைலுக்குள் தூங்குகின்றன. வாங்குகிறவர் கையில் வருவது வில்லங்கச் சான்று மட்டும். அடமானம் இருந்தால் அதில் வரும், கோர்ட்டு ஜப்தி இருந்தால் வரும். தண்ணீருக்கு மட்டும் அதில் காலம் கிடையாது. நிலத்தின் மேல் அதைவிடப் பழைய வில்லங்கம் வேறு என்ன இருக்க முடியும்?

மெர்கண்டைல் லா பாடத்தில் 'கேவியட் எம்ப்டர்' என்று ஒன்று வரும், வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. அது சரக்குக்கு. நிலத்துக்கு வேறு சட்டம். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை சொத்தில் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் நின்று பார்ப்பவருக்கு ஐப்பசித் தண்ணீர் தெரியுமா? தெரியாது. விற்பவருக்குத் தெரியுமா? வயலாக இருந்தபோது அதில் இறங்கி நாற்று நட்டவருக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் சொன்னாரா, சொல்லவில்லையா என்று கோர்ட்டில் நிரூபிக்கிற வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது. அதற்கு இருபது வருடம் ஆகும்.

கம்பெனிக் கணக்கில் கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று படிக்கிறோம். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடனைக்கூடக் கீழே குறிப்பாகப் போட வேண்டும், பங்கு வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்று. பத்து ரூபாய் பங்குக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு இருபது லட்ச ரூபாய் மனைக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பின்கோடைத் தட்டினால் அந்த இடத்துக்கு வெள்ள ஆபத்து எவ்வளவு என்று அரசு இணையதளமே இலவசமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் அரசாங்க ஆதரவுள்ள வீட்டுக்கடன் வேண்டுமானால், அதிக ஆபத்துள்ள பகுதி என்று வரைபடத்தில் இருக்கிற வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயம். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்கும் வெள்ளம் வருகிறது, அவர்களும் பள்ளத்தில் கட்டுகிறார்கள். தெரிந்து கட்டுகிறார்கள் என்பது வித்தியாசம்.

2016 வரைக்கும் நம் மாநிலத்தில் அங்கீகாரம் இல்லாத மனையைக்கூடத் தாராளமாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். உயர்நீதிமன்றம் தடை போட்டது. "ரியல் எஸ்டேட்டே செத்துப்போச்சு" என்று அப்போது ஊரெல்லாம் ஒப்பாரி. மறு வருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, புது மனைக்கு அப்ரூவல் நம்பர் கேட்பது வழக்கமாகிவிட்டது, ரியல் எஸ்டேட் சாகவில்லை. இப்போது புரோக்கரே முதலில் சொல்வது அப்ரூவலைத்தான். பத்திரத்தில் "நீர் தேங்கும் நிலை" என்று ஒரு வரி கூடினாலும் நாலு வருடத்தில் பழகிவிடும்.

ஆனால் அந்த ஒரு வரியை எழுத விவரம் வேண்டும். அதற்கு அளக்க வேண்டும். யார் அளப்பது? பேரூராட்சியில் இருக்கிற ஊழியர்கள் வரி வசூலுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்குமே போதவில்லை. தனியார் கன்சல்டன்ட் வந்தால் கோடியில் பில் போட்டு, ஆறு மாதம் கழித்து கெட்டி அட்டை போட்ட ரிப்போர்ட் ஒன்றைக் கொடுப்பார். அதில் பாட்டி காட்டிய படி இருக்காது.

இங்கேதான் தார் எஸ் சலாம் மாணவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். தேனியைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் என்.எஸ்.எஸ். இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஏழு நாள் சிறப்பு முகாம். ஒரு கிராமத்துக்குப் போவார்கள். முதல் நாள் தலைவர் வந்து பேசுவார். இரண்டாம் நாள் கோயில் வளாகத்தைக் கூட்டுவார்கள். மூன்றாம் நாள் மரக்கன்று நடுவார்கள். (போன வருடம் நட்டது காய்ந்துபோன அதே குழியில்.) ஏழாம் நாள் சான்றிதழ். இதில் ஒரே ஒரு வருட முகாமை வாய்க்காலுக்கு விட்டால் என்ன?

ஒரு யூனிட்டுக்கு நூறு பேர். இருவர் இருவராகப் பிரித்தால் ஐம்பது ஜோடி. ஜோடிக்கு ஒரு டேப், ஒரு செல்போன், ஒரு நோட்டு. தடுப்பணைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பி.சி.பட்டியின் வாய்க்கால்கள், தெருச் சாக்கடைகள், சிறுபாலங்கள் எல்லாவற்றையும் நடந்தே முடித்துவிடலாம். அகலம், ஆழம், அடைப்பு. கிராம வரைபடத்தில் கோடு இருந்து நேரில் வாய்க்கால் இல்லாத இடம். ஒவ்வொரு தெருவிலும் வயதானவர்கள் மூன்று பேரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்ற கேள்வி. மூவரும் ஒரே படியைக் காட்டினால் அங்கே ஒரு புள்ளி. சர்வே படித்தவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை. பி.காம். போதும், தமிழ் இலக்கியம் போதும். வரலாறு படிக்கிறவர்கள் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில் இன்னும் கெட்டிக்காரர்கள்.

சில வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். வாய்க்காலை மூடிக் கட்டியவர் "எந்த டிபார்ட்மெண்ட்டுல இருந்துப்பா வர்றீங்க?" என்று கேட்பார். கவுன்சிலருக்குப் போன் போகும். அதற்குத்தான் ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையே நோட்டில் வரக்கூடாது. அளவு மட்டும் எழுதினால் போதும். மேலே 2 மீட்டர், அடுத்த சிறுபாலத்தில் 60 செ.மீ. என்று இருந்தால், படிக்கிறவர்களுக்கே தெரியும். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள 2007லேயே ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது அதிகாரிகள் வேலை.

இன்னும் ஒரு சங்கடம், வரைபடம் பழசாகிவிடும். இன்று திறந்திருக்கும் வாய்க்கால் ஆறு மாதத்தில் கட்டடக் கழிவு கொட்டி மூடியிருக்கும். வருடா வருடம் முகாம் நடக்கிறதே! புரட்டாசியில் ஒரு தடவை அதே டேப்போடு அதே தெருவில் நடந்தால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். போன வருட ஆடிட் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வருடக் கணக்கைப் பார்ப்பது போல. மழைக்கு முன்னால் தூர்வாரினோம் என்று பில் போட்டிருந்தால், எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர் என்று சேர்த்துப் பார்க்கவும் வசதி. யாருக்கு இது பிடிக்காது என்று சொல்லத் தேவையில்லை.

ஐம்பது டேப்புக்கு ஆகும் செலவு, முதல் நாள் மேடையில் போர்த்துகிற சால்வைச் செலவைவிடப் பெரிதாக இருக்காது. முகாமை மார்கழி, தை என்று தள்ளாமல் மழைக்கு முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் வாய்க்காலுக்குள் இறங்கி அளக்க முடியும்.